வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை

ஹைதராபாத்தில் அபார்ட்மெண்டில் குடியிருக்கும் நமக்கு வாட்ச்மேனைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. செல்லாரில் ஓர் அறை, அதில் அவருடைய குடும்பம், வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாம் வெளியே போகும்போது அவர் எதுவும் கேட்பதில்லை. நாம் ஃபோன் செய்து வரவழைத்த காஸ் சிலிண்டர்காரரையும், ஆர்டர் கொடுத்த பிரியாணியையும் அவர் தடுப்பதில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால், "எவரு காவாலி?" என்று ஒரு கேள்வி. பதில் சரியாக இல்லாவிட்டால் வந்தவர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

நம் வீட்டு டி.வி.க்குப் பின்னால் பச்சையும் சிவப்புமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரூட்டர் பெட்டியும் ஒரு வாட்ச்மேன்தான். அதன் காவலுக்கு ஃபயர்வால் என்று பெயர். உள்ளேயிருந்து யார் வெளியே போனாலும் விடும். வெளியே போனவர் கேட்டு வாங்கிய பதிலையும் உள்ளே விடும். தானாக வந்து கதவைத் தட்டுகிறவரை மட்டும் விடாது. அப்படித் தட்டப்போகும் ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றி, "இன்ன நம்பரைக் கேட்டு வருபவரை நம் வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று முன்கூட்டியே வாட்ச்மேனிடம் சொல்லி வைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர்.

இதைப் போய் சங்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம், ஒரு பிஸ்கட் டின்.

என் சித்தப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். டேப் ரெக்கார்டர் பைத்தியம். 1979 முதல் 1996 வரை அவர் பதிவு செய்து வைத்த 64 கேசட்டுகள் பத்மாராவ் நகர் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னிலும், டின் நிரம்பிய பிறகு ஒரு ஷூ டப்பாவிலும் இருந்தன. நம்மவர்கள் போட்ட பொங்கல் விழா நாடகங்கள், ஸ்கந்தகிரியில் கார்த்திகை அன்று யாரோ பாடிய காவடிச் சிந்து, பெரியம்மாவின் நலங்குப் பாட்டுகள், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிகந்தராபாத்துக்கு ரயிலேறி வந்த கதையை என் தாத்தா முக்கால் மணி நேரம் சொல்வது, நடுவில் அவர் இருமுவது, எல்லாம் அதில் உண்டு. பாடியவர்களிலும் பேசியவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் இன்று இல்லை.

கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். 90 நிமிட கேசட் ஒன்றைக் குறுக்காமல், சி.டி. தரத்தில் ஏற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி., ஆக 900 எம்.பி. வரும். 64 கேசட்டுகளுக்கு 58 ஜி.பி.

இந்த 58 ஜி.பி. ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்பதில் என் அக்கா உறுதியாக இருந்தாள். அவளுக்கு அனுபவம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் இருந்த அவள் வீட்டுத் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்து, கல்யாண ஆல்பங்கள் உட்பட மூன்று பீரோ சாமான்கள் கூழாகிவிட்டன. நம் ஊரும் லேசுப்பட்டதில்லை. 2020 அக்டோபர் மழையில் எத்தனை செல்லார்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். எனவே ஹைதராபாத், சென்னை, அக்கா பையன் இருக்கும் நியூ ஜெர்ஸி என்று மூன்று வீடுகளில் மூன்று பிரதிகள் என்று முடிவாயிற்று.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்றால், அது ஒரு ஃபைலுக்கு 2 ஜி.பி. வரைதான் ஏற்கும், 64 ஃபைல்களை மூன்று வீட்டாரும் ஒழுங்காக இறக்கி, பெயர் மாறாமல் வைத்திருப்பார்கள் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. கூகிள் இலவசமாகக் கொடுக்கும் இடம் 15 ஜி.பி. அதற்கு மேல் மாத வாடகை. வாடகை கட்டுகிறவர் கண்ணை மூடிய பிறகு யார் கட்டுவார்கள்? பென் டிரைவில் போட்டு ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பலாம்தான். ஆனால் பாட்டுகளுக்கு விளக்கக் குறிப்பு சேர்க்கச் சேர்க்க, பெயர்களைத் திருத்தத் திருத்த, ஒவ்வொரு முறையும் யார் ஊருக்குப் போகிறார்கள் என்று காத்திருக்க வேண்டும்.

நடுவில் தபாலாபீஸ் இல்லாமல் வீட்டுக் கம்ப்யூட்டர் வீட்டுக் கம்ப்யூட்டருடன் நேரே பேசும் முறைக்குப் பியர் டு பியர் என்று பெயர். நாங்கள் எடுத்துக்கொண்டது சிங்க்திங் என்ற இலவச மென்பொருள். 2013 முதல் இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு ஃபோல்டரில் ஃபைலைப் போட்டால் மற்ற வீடுகளிலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நீண்ட அடையாள எழுத்துச் சரம் உண்டு. இருவரும் ஒருவருடைய அடையாளத்தை மற்றவர் ஏற்றுக்கொண்டால்தான் பேச்சு. போகிற வழியில் எல்லாம் ரகசிய எழுத்தில் போகும்.

* * *

வாசகர்களில் பலருக்கு இந்த வகை மென்பொருளுடன் பழைய பரிச்சயம் உண்டு. சிலர் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை! 1999-ல் நாப்ஸ்டர் வந்தது. வழக்குகளில் சிக்கி 2001-ல் மூடிற்று. அதே 2001-ல் பிராம் கோஹென் என்பவர் எழுதிய பிட்டொரென்ட் வந்தது. 2005-ல் பி.எஸ்.என்.எல். தன் டேட்டாஒன் பிராட்பேண்டை ஆரம்பித்த பிறகு, இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? நகரில் பாதிப் பேர் அலாரம் வைத்து எழுந்து கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு மறுபடி படுத்தார்கள். இறக்கம் ஆமை வேகத்தில் நகர்ந்தால், பார்க் லேனில் சேனாய் டிரேட் சென்டர் கடைப் பையன்கள், "போர்ட் ஓப்பன் பண்ணலையா சார்?" என்று கேட்பார்கள். 6881 முதல் 6889 வரையிலான எண்கள் அன்றைய கல்லூரி மாணவர்களுக்குச் சொந்த ரோல் நம்பரைவிட நன்றாகத் தெரியும்.

இறக்கியதில் பெரும்பகுதி சினிமா என்பதை மறைத்துப் பயனில்லை. அதனால் ஒரு கூத்தும் நடந்தது. 2012-ல் ‘3’ என்ற தமிழ்ப் படத்துக்கும் ‘தம்மு’ என்ற தெலுங்குப் படத்துக்கும் சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கினார்கள். திருடுபவர் யாரென்று தெரியாதபோது வெள்ளைக்காரன் ‘ஜான் டோ’ என்று ஒரு கற்பனை ஆள் மேல் வழக்குப் போடுவான். நம் ஊரில் அந்தக் கற்பனை ஆளுக்கு ‘அசோக் குமார்’ என்று நாமகரணம். அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, இன்டர்நெட் கம்பெனிகள் அந்த ஆண்டு மே மாதம் டொரென்ட் தளங்களை மட்டுமல்லாமல், குறும்பட இயக்குநர்கள் தங்கள் சொந்தப் படங்களைப் போட்டு வைக்கும் விமியோவையும் சேர்த்து மூடின. படத்துக்குப் பாடுபட்டவர்களின் வயிற்றில் அடிப்பது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காகத் தெருவையே மூடுவது என்ன நியாயம்? ஜூன் மாதம் நீதிமன்றமே, திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்கலாம் என்று தெளிவுபடுத்தியது.

நிற்க. இந்த அவப்பெயரால் நல்ல உபயோகங்கள் கண்ணில் படாமல் போய்விட்டன. லினக்ஸ் முதலான இலவச மென்பொருள்கள் டொரென்ட் மூலம் சட்டப்படி வழங்கப்படுகின்றன. பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஏராளமாக இருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் டொரென்ட் வழியும் கொடுக்கிறது. பிள்ளைகள் வெளிநாடு போன வீடுகளில் எல்லாம் ஒலித்த ஸ்கைப் 2003-ல் பிறந்தபோது இதே பியர் டு பியர் வகைதான். ஃபயர்வாலைத் தாண்டும் வித்தையில் அது மகா கெட்டி. பிறகு கம்பெனியின் சர்வர்களுக்கு மாறி, 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது.

* * *

இனி, வாட்ச்மேன் எப்படி வேலை செய்கிறார் என்று பார்க்கலாம்.

இன்டர்நெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். பழைய முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம். உலக ஜனத்தொகையே அதைவிட அதிகம். நம் நாட்டில் மட்டும் 140 கோடிக்கு மேல். பற்றாக்குறை வரும் என்று முன்பே தெரிந்ததால், 1994-ல் ஒரு உபாயம் எழுதி வைத்தார்கள். வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு முகவரி. வீட்டுக்குள் இருக்கும் ஃபோன், கம்ப்யூட்டர், டி.வி. எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள். இந்த உள்முகவரிகள் தெருவில் செல்லாது. உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கும், எதிர்வீட்டிலும் இருக்கும். 302 என்ற ஃபிளாட் நம்பர் எல்லா அபார்ட்மெண்டிலும் இருக்கிற மாதிரி.

உள்ளேயிருந்து ஒரு கம்ப்யூட்டர் வெளியே கேள்வி அனுப்பும்போது ரூட்டர் தன் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறது: ‘இந்தக் கேள்வி 302-லிருந்து போயிற்று, பதில் வந்தால் அங்கே அனுப்பு.’ யாரும் கேட்காமல் ஒரு சேதி வந்தால் நோட்டில் வரி இருக்காது. யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் கீழே போட்டுவிடும். இது பாதுகாப்புக்கும் உதவுகிறது என்பது பிறகு தெரிந்த லாபம்.

வந்த சேதி எந்த வேலைக்கு என்பதைச் சொல்லும் எண்தான் போர்ட். 0 முதல் 65535 வரை இருக்கும். ரயில்வே ஸ்டேஷனில் கவுன்டர் நம்பர் போல என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண வலைப்பக்கத்துக்கு 80, பூட்டுப் போட்ட வலைப்பக்கத்துக்கு 443, சிங்க்திங்குக்கு 22000.

செய்ய வேண்டிய வேலை பெரிதொன்றுமில்லை. முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் உள்முகவரியை நிலையாக்க வேண்டும். ரூட்டர் ஒவ்வொரு முறையும் ஒரு உள்முகவரியைத் தன் இஷ்டத்துக்கு ஒதுக்கும். இன்று 192.168.1.5, நாளை கரண்ட் போய் வந்தால் 192.168.1.9. நீங்கள் சொல்லி வைத்த வார்த்தை ஆள் இல்லாத ஃபிளாட்டுக்குப் போய்விடும். ஏப்ரல் மாத இடி மழையில் தினம் நாலு முறை கரண்ட் போகும் நம் ஊரில் இது முக்கியம். ரூட்டர் பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே இந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் இதே முகவரி என்று எழுதிவிடலாம்.

ரூட்டர் பக்கத்துக்குப் போக, பிரௌசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் போதும். சரியான எண் பெரும்பாலும் பெட்டியின் வயிற்றில் ஒட்டிய சீட்டில் இருக்கும். உள்ளே போனதும், வேறெதையும் தொடுவதற்கு முன் ரூட்டரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ‘அட்மின், அட்மின்’ என்று கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் வீடுகள் இன்றும் ஏராளம். பிறகு போர்ட் ஃபார்வர்டிங் என்ற பகுதியைத் தேடுங்கள். சில பெட்டிகளில் அதற்கு வர்ச்சுவல் சர்வர் என்று பெயர், சிலவற்றில் நாட் என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். வெளிப் போர்ட் 22000, உள் போர்ட் 22000, உங்கள் கம்ப்யூட்டரின் உள்முகவரி, டி.சி.பி., யு.டி.பி. இரண்டும். அவ்வளவுதான். சேமித்து வெளியே வாருங்கள்.

இதற்கு மேல் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு காவல் உண்டு. விண்டோஸ் தன் ஃபயர்வால் மூலம் "இந்த மென்பொருளை அனுமதிக்கலாமா?" என்று ஒருமுறை கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டிருந்தால் கீழே வாட்ச்மேன் விட்டாலும் வீட்டுக் கதவு திறக்காது. ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடும்படி சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

சோதித்துப் பார்ப்பது வெளியிலிருந்து இருக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்துகொண்டு சொந்த வெளிமுகவரியையே தட்டினால் பல ரூட்டர்கள் குழம்பிவிடும். ஃபோனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். அந்த நேரத்தில் சிங்க்திங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேட்க ஆள் இல்லாத போர்ட் எப்போதும் மூடியதாகவே தெரியும்.

ஆபீஸ் லேப்டாப்பில் இந்த வேலைகளைச் செய்யக் கூடாது என்று தனியே சொல்ல வேண்டுமா? ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அங்கே ஃபயர்வால் வைத்திருப்பது வேண்டுமென்றே. அதில் ஓட்டை போடுகிறவருக்கு வேலை போகும்.

* * *

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் எங்களுக்குப் போர்ட் திறக்கவில்லை. ஃபைல்கள் போகாமல் இல்லை. இரண்டு வீடுகளும் நேரே பேச முடியாதபோது சிங்க்திங் தன்னார்வலர்கள் நடத்தும் இடைநிலையங்கள் வழியாக அனுப்பும். அவர்களால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் இலவச உபகாரம் என்பதால் வேகம் மட்டு. எங்களுக்குக் கிடைத்தது நொடிக்கு ஒரு மெகாபிட் அளவு. 58 ஜி.பி.க்கு இரவு பகலாக ஐந்து நாட்களுக்கு மேல் ஆகும். நேரே போனால், என் இணைப்பின் 20 மெகாபிட் வேகத்தில் ஆறரை மணி நேரம்.

அக்கா பையன் ஃபோனில் வந்தான். "மாமா, ரூட்டர் பக்கத்துல வான்னு ஒரு இடம் இருக்கும், அதுல என்ன முகவரி போட்டிருக்குன்னு படிங்க."

"100.72 ன்னு ஆரம்பிக்குதுப்பா."

"இப்ப பிரௌசர்ல ‘என் ஐ.பி. என்ன’ன்னு தேடிப் பாருங்க."

பார்த்தேன். முற்றிலும் வேறு எண்.

"அப்ப உங்க வீட்டு வாட்ச்மேன் மேல தப்பில்ல மாமா. வெளியில இன்னொரு கேட் இருக்கு."

விஷயம் இதுதான். உலகக் கையிருப்பில் இருந்த கடைசி ஐந்து பெரிய முகவரிக் கட்டுகளும் 2011 பிப்ரவரி 3-ம் தேதி பங்கிடப்பட்டுவிட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15-ம் தேதி ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ரேஷன் வந்துவிட்டது. நமக்கோ அதற்குப் பிறகுதான் இன்டர்நெட் வீடு வீடாக நுழைந்தது. பீம் என்ற உள்ளூர்க் கம்பெனியின் கேபிள் மரத்துக்கு மரம் தொங்கியதும், ஆக்ட் கம்பெனி அதை வாங்கியதும், 2016-ல் ஜியோ வந்ததும் எல்லாம் அந்தச் சமயத்தை ஒட்டியோ அதற்குப் பின்போதான். வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கில், முகவரிகள் கொஞ்சம். எனவே இன்டர்நெட் கம்பெனிகள் பல வீடுகளைச் சேர்த்து ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் உட்கார வைக்கின்றன. இதற்கென்றே 2012-ல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகளை ஒதுக்கினார்கள். உங்கள் ரூட்டரின் வான் முகவரி இந்த வரிசையில் இருந்தாலோ, 10 என்று ஆரம்பித்தாலோ, நீங்கள் கேட்டட் கம்யூனிட்டிக்குள் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் பிளாக் வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தது மெயின் கேட் செக்யூரிட்டிக்குத் தெரியாது. அவரிடம் சொல்லி வைக்க உங்களுக்கு வழியும் இல்லை.

இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். பெயர் எதற்கு? எல்லா இடத்திலும் இதே கதைதான். இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு வந்த பையன், ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னான். போட்டேன். மறுபடி அணைத்துப் போடச் சொன்னான். போர்ட் என்றதும், "மொபைல் நம்பர் போர்ட் செய்ய வேறு டிபார்ட்மெண்ட் சார்" என்றான். கடைசியில் அவனுடைய மேலாளர் வந்து, "ஓ, பப்ளிக் ஐ.பி. காவாலா?" என்றார். மாதா மாதம் தனிக் கட்டணமாம். கட்டணம் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. இணைப்பு கொடுக்கும் நாளிலேயே ‘உங்களுக்குத் தனி முகவரி கிடையாது’ என்று ரசீதில் ஒரு வரி எழுதினால் என்ன?

இன்னொரு நிலைமையும் உண்டு. கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்கள் கடையில் வாங்கிய சொந்த ரூட்டரை மாட்டியிருந்தால், உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு வாட்ச்மேன்கள். அப்போது வான் முகவரி 192.168 என்று தொடங்கும். முதல் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அல்லது இரண்டிலும் தனித்தனியே சொல்லி வையுங்கள்.

ஆறாம் பதிப்பு முகவரி முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பயன்படுத்துவதில் இந்தியா இன்று உலகின் முன்வரிசையில் இருக்கிறது, முக்கியமாக மொபைல் கம்பெனிகளால். இரண்டு வீட்டிலும் அது இருந்தால் மெயின் கேட் தொல்லை போகும். ஆனால் ரூட்டரின் காவல் அதிலும் உண்டு, அங்கேயும் அனுமதி எழுத வேண்டும். அக்காவின் சென்னை இணைப்பில் அது வரவில்லை. ஆகவே எங்களுக்கு உதவவில்லை.

எங்களுக்கு வழி காட்டியது ஒரு எளிய விஷயம். பேச்சு தொடங்க யாராவது ஒருவர் கதவைத் தட்ட வேண்டும், ஒருவர் திறக்க வேண்டும். தொடங்கிவிட்டால் அதே வழியில் இரண்டு பக்கமும் ஃபைல் போகும், வரும். எனவே இரு வீடுகளில் ஒன்றில் போர்ட் திறந்திருந்தால் போதும்! அமெரிக்காவுக்கு ஆதியிலேயே முகவரிகள் தாராளமாகக் கிடைத்ததால், அங்கே பல கேபிள் இணைப்புகளுக்கு இன்றும் தனி வெளிமுகவரி உண்டு. அக்கா பையன் நியூ ஜெர்ஸி வீட்டு ரூட்டரில் 22000-ஐத் திறந்தான். ஹைதராபாத்திலிருந்து நான் போய்த் தட்டினேன். சென்னையிலிருந்து அக்கா தட்டினாள். அன்று இரவு சாப்பிட்டு உட்கார்ந்தபோது தொடங்கியது, விடியற்காலையில் 64 கேசட்டுகளும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. பத்மாராவ் நகரில் பாடிய நலங்குப் பாட்டு, அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் சென்னைக்கு நியூ ஜெர்ஸி போய்த் திரும்பி வந்தது. பெரியம்மா இருந்திருந்தால், "ஏண்டா, சார்மினார் எக்ஸ்பிரஸ் ஓடலையா?" என்று கேட்டிருப்பாள்.

2025 ஆகஸ்டில் நம் நகரில் மின்கம்பங்களில் தொங்கிய கேபிள்களை மின்வாரியத்தார் வெட்டியபோது பல பேட்டைகளில் இன்டர்நெட் படுத்தது. அப்படி நாள்கணக்கில் நின்றாலும் இந்த ஏற்பாட்டுக்குச் சேதமில்லை. இணைப்பு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

* * *

திறந்த கதவைப் பற்றிய எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட்டால் நான் பொறுப்பில்லாதவன் ஆவேன்.

2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், கடையிலிருந்து வந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப் பிடித்தது. அந்த அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய வலைத்தளங்கள் பல மணி நேரம் முடங்கின. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல் மென்பொருள், இன்டர்நெட்டில் நேரடியாகத் திறந்து வைத்திருந்த க்யூநாப் கம்பெனியின் சேமிப்புப் பெட்டிகளுக்குள் புகுந்து, குடும்பப் படங்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. போர்ட் ஃபார்வர்டிங்கை உடனே நிறுத்துங்கள் என்று அந்தக் கம்பெனியே வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

ஆகவே, அடையாளம் பார்த்து உள்ளே விடும் மென்பொருளுக்கு மட்டும், ஒரே ஒரு போர்ட். விண்டோஸ் ஃபைல் பகிர்வின் 445, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் 3389, வீட்டுக் கேமரா, இவற்றை ஒருபோதும் நேரே திறக்க வேண்டாம். சிங்க்திங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான 8384-ம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ரூட்டரில் டி.எம்.இசட். என்று ஒரு வசதி கண்ணில் படும். அது எல்லாக் கதவுகளையும் ஒரே கம்ப்யூட்டருக்குத் திறந்துவிடும்; அதன் பக்கமே போக வேண்டாம். யு.பி.என்.பி. என்ற வசதி இயங்கினால் வீட்டிலுள்ள எந்தச் சாமானும் உங்களைக் கேட்காமலே வாட்ச்மேனிடம் சொல்லி வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்தப் பட்டியலைத் திறந்தபோது, மாடிப்படிக் கேமரா தனக்கென்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது தெரிந்தது. யு.பி.என்.பி.யை அணைத்துவிட்டேன்.

சிங்க்திங்கில் இன்னொரு சூட்சுமம் கவனிக்க வேண்டும். ஒரு வீட்டில் அழித்தால் எல்லா வீட்டிலும் அழியும். சென்னையில் அக்காவின் பேரன் மவுஸைக் கையில் எடுத்தால் மூன்று பிரதிகளும் காலி! அதனால் என் கம்ப்யூட்டரை ‘அனுப்புவது மட்டும்’ என்றும், மற்ற இரண்டையும் ‘பெறுவது மட்டும்’ என்றும் வைத்திருக்கிறோம். மாற்றப்படும் ஃபைலின் பழைய பிரதியை எடுத்து வைக்கும் வசதியையும் அந்த இரண்டு வீடுகளில் போட்டிருக்கிறோம். இது போக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தனிப் பிரதி, கம்ப்யூட்டரோடு இணைக்காமல், அலமாரியில்.

கேசட் வைத்திருப்பவர்கள் யாராவது நம் சங்கத்தில் இருந்தால் சீக்கிரம் ஏற்றிவிடுங்கள். பிளேயரின் ரப்பர் பெல்ட் இளகிப்போயிருக்கும், அதை மாற்றாமல் ஓடவிட்டால் டேப் சிக்கிக்கொள்ளும். பூஞ்சை பிடித்ததை முதலில் ஒருமுறை முழுவதும் மெதுவாகச் சுற்றிவிட்டு, பிளேயரின் ஹெட்டைத் துடைத்த பிறகு பதிவு செய்யுங்கள்.

41-ம் கேசட்டில் 1987 பொங்கல் நாடகம் இருக்கிறது. கதாநாயகனின் அப்பாவாக நடித்தவர் இரண்டாம் காட்சியில் வசனத்தை மறந்துவிட்டு, "தண்ணி கொண்டா" என்று உள்ளே போகிறார். கைத்தட்டல் ஒரு நிமிடம் நிற்கவில்லை. அவர் யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள், நடித்தவர்கள் யாராவது இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். ஃபைலின் பெயரில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும்.